பொதுப் பூங்காவின் தரமும் அதனை அளந்த கோல்களும்

ஒரு நகரத்தின் சிறப்பை எடுத்துரைப்போர் அதன் மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் துறைமுகத்தையும் முதலிற் கூறுதல் வழக்கம். காசு கொடாமலும், எவருடைய அநுமதியையும் வேண்டாமலும், யாதொரு கருமமும் இன்றியும் ஒருவர் சென்று அமரத்தக்க இடம் அந்நகரில் உண்டா என வினவுவோர் சிலரே. அத்தகைய இடங்களையே பூங்கா என்றும், திடல் என்றும், பொதுவெளி என்றும் வழங்குகின்றோம். இவற்றை அமைத்தல் நகராட்சியின் கடமை என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயினும், அமைத்த பூங்கா நல்லதா அன்றா என்பதை எவ்வாறு துணிவது என்ற வினாவிற்கு விடை எளிதன்று. பரப்பினால் அளப்பதா? மலர்களின் வனப்பினால் அளப்பதா? வருவோரின் தொகையினால் அளப்பதா? சென்ற இரு நூற்றாண்டுகளில் வெவ்வேறு காலத்தார் இவ்வினாவிற்கு வெவ்வேறு விடை தந்துள்ளனர். அவ்விடைகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அளவுகோல் மாறுந்தோறும், அளந்தவர்கள் யாரை மனத்திற்கொண்டு அளந்தனர் என்பதும் உடன் மாறிற்று என்பது இவ்வாராய்ச்சியாற் புலனாகும்.

புகாரின் சோலைகள்

பூங்காவை மதிப்பிடுதல் மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுதல் பொருந்தாது. மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில் நகரச் சோலைகளைப் பற்றிய மதிப்பீடு ஒன்று உளது. கண்ணீர் பட்டுத் தூய்மை இழந்த மாலைக்கு ஈடாகப் புதுமலர் கொணருமாறு மாதவி தன் மகளைப் பணிக்கின்றாள். அப்போது தோழி சுதமதி இடைமறித்து, மணிமேகலை தனியே செல்லுதல் தகாது என்கின்றாள். மலர் கொய்யத் தனியே சென்ற தன்னை விஞ்சையன் ஒருவன் கவர்ந்து சென்ற வரலாற்றைச் சான்றாகக் காட்டுகின்றாள். பின்னர்ப் புகார் நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாக எண்ணி நோக்குகின்றாள். இலவந்திகையின் மதிற்புறத்தே அரசனைச் சார்ந்தோர் இருப்பர். உய்யானத்தைப் பூதம் காக்கும். சம்பாதி வனத்தையும் கவேர வனத்தையும் தெய்வ அச்சம் காரணமாக அறிந்தோர் அணுகார். எஞ்சிய உவவனம் ஒன்றே செல்லத் தக்கது என்று அவள் முடிவு செய்கின்றாள்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. எச்சோலையில் மலர் மிகுதி என்று சுதமதி நோக்கினாள் அல்லள். எச்சோலைக்கு ஓர் இளம்பெண் அச்சமின்றிச் சென்று மீளலாம் என்பதே அவள் கையாண்ட கோல். தெரிந்தெடுத்த உவவனத்திலும் உதயகுமரன் பின்தொடர, மணிமேகலை பளிக்கறையுட் புகுந்து ஒளிய நேர்ந்தது என்று காப்பியம் கூறும். ஆகவே, பொதுச்சோலை ஒன்றின் குறைபாடு அதன் மரஞ்செடிகளில் அன்று, அங்கு வருவோரின் இயல்பிலும் காவலிலும் இருத்தல் கூடும் என்பதைப் பண்டைத் தமிழ்ப் புலவர் உணர்ந்திருந்தனர். இக்கோலை நினைவிற் கொண்டு பிற்கால வரலாற்றை நோக்குவாம்.

மரணக் கணக்கும் ஒழுக்கக் கணக்கும்

பொதுப் பணத்தாற் பொதுமக்களுக்கெனப் பூங்கா அமைக்கும் இயக்கம் கைத்தொழிற் புரட்சியின் விளைவாக இங்கிலாந்திலே தோன்றியது. ஆலைகள் பெருகப் பெருகக் கிராமத்தார் நகரங்களிற் குவிந்தனர். 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது இங்கிலாந்து, வேல்ஸ் மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயிருந்தனர். முன்பு உலாவுதற்கும் விளையாடுதற்கும் பயன்பட்ட வயல்வெளிகள் வீடுகளாலும் ஆலைகளாலும் மூடப்பட்டன. இந்நிலையை ஆராயும்பொருட்டு 1833ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இராபட் சிலேனி என்பாரின் தலைமையில் பொது நடைவெளிகள் பற்றிய தெரிகுழு ஒன்றை அமைத்தது. பெருகிவரும் நகர மக்களுக்குத் திறந்தவெளி யாதும் ஒதுக்கப்படவில்லை என்று அக்குழு அறிக்கை செய்தது. உலாவ இடமில்லாத தொழிலாளர் ஓய்வுநாளில் மதுச்சாலையை நாடுவர் என்றும், மனைவி மக்களோடு பலர் முன்னிலையில் உலாவச் செல்பவன் நல்லுடை உடுக்கவும் நல்லொழுக்கம் பேணவும் விரும்புவான் என்றும் அது கருதிற்று.

இவ்வொழுக்கக் கணக்கோடு மரணக் கணக்கும் விரைவில் வந்து சேர்ந்தது. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்திற் புள்ளிவிவரம் தொகுத்த வில்லியம் பார், கிழக்கு இலண்டனில் மரண வீதம் மிகுந்திருப்பதை 1839ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையிற் காட்டினார். அங்கே ஒரு பூங்கா அமையுமாயின் ஆண்டுதோறும் நேரும் மரணங்கள் பல ஆயிரங்களாற் குறையும் என்பது அவர் கருத்து. 1840ஆம் ஆண்டில் 30,000 மக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் விக்டோரியா மகாராணிக்கு அனுப்பப்பட்டது. அதன் பயனாக 1845ஆம் ஆண்டில் விக்டோரியா பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இக்காலத்துப் பூங்காக்களுள் இரண்டு தனித்து நோக்கத்தக்கன. டேர்பி நகரில் ஆலை முதலாளியாகிய யோசேப்பு ஸ்ரட் நன்கொடையாக வழங்கிய 11 ஏக்கர் நிலத்தில் ஜோன் குளோடியஸ் லௌடன் அமைத்த மரப்பூங்கா 1840ஆம் ஆண்டு செப்டெம்பரில் திறக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மரஞ்செடி வகைகள் பெயர் பொறித்து நடப்பட்டிருந்தன. ஆனால் வாரத்தில் ஞாயிறு, புதன் ஆகிய இரு நாட்களிலேயே கட்டணமின்றிச் செல்லுதல் இயலும். கட்டணம் முற்றாக நீக்கப்பட்டது 1882ஆம் ஆண்டிலேயாம். வனப்பினால் நோக்குவார்க்கு அப்பூங்கா முதல் நாளே சிறந்தது. ஏழைத் தொழிலாளியின் நிலையில் நின்று நோக்குவார்க்கு அது நாற்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே முழுமை பெற்றது.

மற்றையது லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட் பூங்கா. 1843ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணைகொண்டு நகராளுநர் சதுப்பு நிலம் 226 ஏக்கரை வாங்கினர்; 125 ஏக்கரைப் பூங்காவாக்கினர்; எஞ்சியதை வீட்டுமனைகளாக விற்றுச் செலவை ஈடு செய்தனர். யோசேப் பக்ஸ்ரன் வகுத்த அப்பூங்கா 1847ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் திறக்கப்பட்டது. பூங்காவினருகே உள்ள நிலத்தின் விலை உயரும் என்பது அன்றே கண்டறியப்பட்டது. இது நன்மையும் தீமையும் கலந்த கண்டுபிடிப்பு. பூங்காவின் செலவை ஈடு செய்யும் அதே விலையேற்றம், பூங்காவை மிக வேண்டியவரை அதன் அயலினின்றும் அகற்றும் ஆற்றலும் உடையது.

நியூயோர்க் தந்த பாடம்

1850ஆம் ஆண்டிற் பேர்க்கன்ஹெட்டைக் கண்டு வியந்தோருள் ஒருவர் அமெரிக்கராகிய பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்ரெட். குடியாட்சி நாடாகிய தம் நாட்டில் இத்தகைய மக்கட் பூங்கா ஒன்றும் இல்லையே என்று அவர் எழுதினார். எட்டாண்டுகளின் பின்னர் அவரும் கல்வேட் வோ என்பாரும் வகுத்த திட்டம் நியூயோர்க் மத்திய பூங்காவிற்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. 843 ஏக்கர் பரப்புடைய அப்பூங்காவிற் குறுக்கே செல்லும் நான்கு பெருந்தெருக்கள், உலாவுவோர் கண்ணிற் படாதவாறு நிலமட்டத்தின்கீழ்த் தாழ்த்தி அமைக்கப்பட்டன. செல்வரும் வறியரும் ஒரே வழியில் உலாவுதல் வேண்டும் என்பது ஒல்ம்ஸ்ரெட்டின் இலட்சியம்.

இத்தகைய பெரும்பணியின் அடியிலே மறைந்து கிடந்த வரலாறு பிற்காலத்திலேயே பலர்க்கும் தெரியலாயிற்று. பூங்காவிற்கென எடுக்கப்பட்ட நிலம் வெறுநிலம் அன்று. ஏறத்தாழ 1,600 மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்நிலத்தின் மேற்குப் பகுதியில் 1825ஆம் ஆண்டு முதற் கறுப்பின மக்கள் காணி வாங்கிக் குடியேறி, தேவாலயங்களும் பாடசாலையும் அமைத்து வாழ்ந்த செனெக்கா கிராமம் இருந்தது. காணியுடைமை பெற்ற கறுப்பினத்தவர்க்கே வாக்குரிமை கிடைத்த அக்காலத்தில், அக்காணிகள் அவர்க்கு வாழ்விடம் மட்டுமல்ல, குடியுரிமையின் அடிப்படையுமாம். 1857ஆம் ஆண்டளவில் அக்கிராமம் முற்றாக அகற்றப்பட்டது. இழப்பீடு வழங்கப்பட்டதாயினும், சிதறிய சமுதாயம் மீண்டும் ஒன்றுசேரவில்லை. மத்திய பூங்கா உலகின் தலைசிறந்த பூங்காக்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் தரத்தை மதிப்பிடுவோர் பூங்கா திறக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கைத் தொடங்குவாராயின், அக்கணக்கின் ஒரு பக்கம் எழுதப்படாமலே போகின்றது.

ஏக்கர்க் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஞ்சிய வெளிகளைக் காத்தல் முதன்மையான கவலையாயிற்று. 1865ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பொதுநிலங்களைக் காக்கும் சங்கம் தோன்றியது. ஏழைகளின் வீட்டுப்பிரச்சினையில் உழைத்த ஒக்ரேவியா ஹில் அம்மையார், இடுநெருக்கமான குடியிருப்புக்களின் நடுவே பயனற்றுப் பூட்டிக்கிடந்த பழைய இடுகாட்டு வெளிகளைத் திறந்து, வறியோர் அமர்தற்குரிய திறந்தவெளி அறைகளாக்க வேண்டும் என வாதாடினார். தொலைவிலுள்ள பெரும் பூங்காவினும் தெருக்கோடியிலுள்ள சிறுவெளியே கைக்குழந்தையுடைய தாய்க்குப் பயன்தரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் நகரத் திட்டமிடல் தனித்துறையாக வளர, எண்ணால் அமைந்த கோல் ஒன்று வேண்டப்பட்டது. 1925ஆம் ஆண்டு தோன்றிய விளையாட்டு வெளிகளுக்கான தேசிய சங்கம் பரப்பிய கொள்கை, ஆயிரம் மக்களுக்கு 6 ஏக்கர் வெளி என்னும் அளவாகப் பெயர் பெற்றது. பற்றிக் அபர்குறொம்பியும் அவர்தம் துணைவரும் 1943ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வகுத்த திட்டம், உள்நகரின் நெருக்கத்தை எண்ணி ஆயிரம் பேருக்கு 4 ஏக்கர் என்ற அளவை முன்வைத்தது. நகரத்தின் ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை எவரும் மறுக்கவொண்ணாதவாறு காட்டியமை இக்கோலின் பெரும்பயன். வறியோர் வாழும் பகுதிக்கே வெளி குறைவு என்பது எண்ணாற் காட்டப்பட்டபின், அது வெறும் முறைப்பாடாக நில்லாது சான்றாக மாறிற்று.

ஏக்கர்க் கணக்கின் குறைபாடும் இங்கேயே தொடங்குகின்றது. இலையுதிர்ந்த கட்டாந்தரையும் நிழல் தரும் சோலையும், பூட்டிய கதவும் திறந்த வாயிலும் அக்கணக்கில் ஒன்றே. பரப்பு என்பது பூங்காவிற்கு வேண்டிய முதற்பொருள், அதுவே பூங்காவன்று.

நான்கு சதுக்கங்களின் கதை

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வும் சாவும் பற்றி 1961ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிற் பிலடெல்பியா நகரத்துச் சதுக்கங்கள் நான்கை ஒப்பிட்டார். அந்நகரை நிறுவிய வில்லியம் பென் பதினேழாம் நூற்றாண்டிலேயே நகரத்தின் நடுவே ஒரு சதுக்கத்தையும், நாற்புறத்தும் 8 ஏக்கர் அளவினவாக நான்கு சதுக்கங்களையும் வகுத்திருந்தார். காலம் ஒன்று, பரப்பு ஏறத்தாழ ஒன்று, நடுவிலிருந்து தூரமும் ஒன்று. வரலாற்று மாணவனுக்கு இதனினும் நல்ல சோதனை வாய்த்தல் அரிது.

ஜேக்கப்ஸ் எழுதிய காலத்தில் அந்நான்கின் நிலையும் நான்கு விதமாயிருந்தது. றிட்டன்ஹவுஸ் சதுக்கம் காலை முதல் இரவு வரை மக்கள் நிறைந்திருந்தது. பிராங்கிளின் சதுக்கம் வீடும் தொழிலும் அற்றோரின் புகலிடமாயிருந்தது. வாஷிங்ரன் சதுக்கம் நண்பகலில் மட்டும் உயிர்பெற்றுப் பின்னர் வெறுமையடைந்து, அச்சம் தரும் இடம் என்ற பெயரும் பெற்றிருந்தது. லோகன் சதுக்கம் வண்டிகள் சுற்றிச்செல்லும் வட்டமாக மாறிவிட்டது. வேறுபாட்டின் காரணத்தை ஜேக்கப்ஸ் பூங்காக்களுக்கு வெளியே கண்டார். றிட்டன்ஹவுஸைச் சூழ வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் கலைக்கூடங்களும் கலந்திருந்தமையால், வெவ்வேறு கருமம் உடையோர் வெவ்வேறு வேளைகளில் வந்தனர். ஒருவர் நீங்கும்போது மற்றொருவர் புகுந்தார். வாஷிங்ரன் சதுக்கத்தைச் சூழ அலுவலகங்களே இருந்தமையால் எல்லோரும் ஒரே வேளையில் வந்து ஒரே வேளையில் நீங்கினர். பூங்கா நகரத்திற்கு உயிரூட்டும் என்பர். நகரமே பூங்காவிற்கு உயிரூட்டுவது என்பது ஜேக்கப்ஸ் கண்ட முடிபு.

இம்முடிபை விதியாகக் கொண்டு ஒரு பூங்காவைக் கைவிடுதலும் தவறு. பிராங்கிளின் சதுக்கம் 2006ஆம் ஆண்டிற் புதுப்பிக்கப்பட்டு, சிறுவர்க்குரிய சுற்றுராட்டினம் முதலியவற்றோடு குடும்பங்கள் நாடும் இடமாயிற்று. பராமரிப்பும் பொருளுதவியும் ஒரு சதுக்கத்தின் விதியை மாற்ற வல்லன.

இருக்கைகளை எண்ணியவர்

நோக்கிக் கண்டறிதலை ஒரு முறையாக வளர்த்தவர் வில்லியம் வைற் என்பவர். 1961ஆம் ஆண்டில் நியூயோர்க் நகராட்சி புதிய சட்டம் ஒன்றைச் செய்தது. உயர்ந்த கட்டடத்தின் முன்னே பொதுமக்களுக்கென முன்றில் விடுவோர், ஒவ்வொரு சதுர அடிக்கும் ஈடாக 10 சதுர அடி மேலதிகத் தளப்பரப்பைக் கட்டிக்கொள்ளலாம் என்பது அது. முன்றில்கள் பல தோன்றின. ஆனால் அவற்றுட் பல வெறிச்சோடிக் கிடந்தன. நகரம் கொடுத்த விலைக்குப் பெற்ற பொருள் யாது என்ற வினா எழுந்தது. 1970ஆம் ஆண்டளவில் வைற்றும் அவருடைய மாணவரும் ஒளிப்படக் கருவியோடு அம்முன்றில்களைக் கண்காணிக்கத் தொடங்கினர். எவர் எங்கே அமர்கின்றனர், எவ்வளவு நேரம் அமர்கின்றனர், எவ்வழியால் வருகின்றனர் என்பவற்றை நாள்தோறும் குறித்தனர்.

அவர்கள் கண்ட முடிபு மிக எளியது. அமர இடம் உள்ளவிடத்தே மக்கள் அமர்கின்றனர். வடிவமோ, கட்டடத்தின் அழகோ, பரப்போ அவ்வளவு பொருட்டல்ல. பிற மக்களே மக்களைக் கவர்வோர். இவற்றினும் நுட்பமான அளவு ஒன்றையும் வைற் கண்டார். ஓரிடத்தில் அமர்வோருட் பெண்களின் விகிதம் சராசரியினும் மிகுந்திருப்பின் அவ்விடம் நன்கு நடைபெறுகின்றது என்றும், குறைந்திருப்பின் ஏதோ பிழை உளது என்றும் கொள்ளலாம் என்பது அது. பெண்கள் இடத்தைத் தெரிந்தெடுப்பதில் அதிக கவனம் உடையவராதலால் அவர்தம் தெரிவே நம்பத்தக்க அளவுகோல் என்றார். சுதமதி கூறியதும் இதுவேயன்றோ!

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1975ஆம் ஆண்டில் நகராட்சி சட்டத்தைத் திருத்தி, முன்றிலின் 30 சதுர அடிக்கு ஓரடி நீளமுள்ள இருக்கை வேண்டும் என விதித்தது. நியூயோர்க் பொது நூலகத்தின் பின்னேயுள்ள பிறயன்ற் பூங்காவிற்கும் வைற் ஆலோசனை கூறினார். 1930களில் அதனை அமைதியான இடமாக்கக் கருதித் தெருவினின்றும் உயர்த்தி, மதிலும் வேலியும் சூழ அமைத்திருந்தனர். அம்மறைவே 1970களிற் போதைப்பொருள் விற்போர்க்கு வாய்ப்பாயிற்று. வாயில்களை அகலமாக்கி, வேலிகளை நீக்கி, விரும்பியவாறு நகர்த்தக்கூடிய நாற்காலிகளை இட்டு 1992ஆம் ஆண்டில் அதனை மீளத் திறந்தனர். பெருந்தொகையான மக்கள் வரலாயினர். எனினும் அப்பூங்காவின் நிருவாகம் தனியார் பொருளுதவியால் இயங்கும் அமைப்பொன்றின் கைப்பட்டமையாற் புதிய வினாவும் பிறந்தது. நாற்காலியும் தேநீரும் வந்தபோது, செல்ல வேறிடமற்ற ஏழைகள் எங்கே போயினர் என்று சமூகவியலார் வினவினர். நிறைந்த பூங்காவும் எல்லோர்க்கும் உரிய பூங்காவும் ஒன்றல்ல என்பதை இவ்வினா நினைவூட்டுகின்றது.

புள்ளியிடும் காலம்

1980களிற் பிரித்தானிய நகராட்சிகளின் வருவாய் சுருங்கவே, பூங்காக் காவலரும் தோட்டக்காரரும் குறைக்கப்பட்டனர். விக்டோரியா காலத்து இசைமண்டபங்களும் இரும்புக் கிராதிகளும் சிதைந்தன. வீழ்ச்சியைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாக 1996ஆம் ஆண்டிற் பச்சைக்கொடி விருது தோற்றுவிக்கப்பட்டது. நடுவர்கள் பூங்காவை நேரிற் கண்டு, வரவேற்கும் தன்மை, உடல்நலமும் பாதுகாப்பும், தூய்மையும் பராமரிப்பும், சூழல் பேணல், உயிரினங்களும் மரபுச் செல்வமும், மக்களின் பங்கு, அறிவித்தல், நிருவாகம் என்னும் எட்டுத் தலைப்புக்களிற் புள்ளியிடுவர். பிற நாடுகளும் பின்னர் இதனை மேற்கொண்டன. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட மற்றொரு முறையின்படி, குறித்த வேளைகளிற் பூங்காவின் ஒவ்வொரு பகுதியையும் நோக்கி அங்கிருப்போரின் பால், வயது, செய்யும் முயற்சி ஆகியவை எண்ணப்படுகின்றன. 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் ஏற்றுக்கொண்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள், 2030ஆம் ஆண்டிற்குள் பாதுகாப்பான பொதுவெளிகள் எல்லோர்க்கும், சிறப்பாகப் பெண்கள், சிறுவர், முதியோர், மாற்றுத்திறனுடையோர் ஆகியோர்க்குக் கிடைத்தல் வேண்டும் என்பதும் ஒன்று.

முந்திய கோல்கள் யாவும் இம்முறைகளில் ஒருங்கு சேர்ந்துள்ளன. ஆயினும் புள்ளியிடுவதில் ஓர் இடர் உண்டு. எட்டுத் தலைப்பில் ஏழில் உயர்ந்த பூங்கா ஒன்று, எட்டாவதில் முற்றாகத் தவறினும் கூட்டுத்தொகையால் நல்லது எனப்படும். இரவில் விளக்கில்லாத ஒரு வழி, மலர்ப்பாத்தியின் அழகால் ஈடு செய்யப்படுவதில்லை. கூட்டற் கணக்கு அதனை ஈடு செய்துவிடுகின்றது.

காலி முகத்திடல்

நம் நாட்டின் பொதுவெளிகள் வேறு வழியால் வந்தவை. இங்கிலாந்தில் மக்கள் விண்ணப்பித்துப் பூங்கா பெற்றனர். கொழும்பிலோ கோட்டையின் பீரங்கி தடையின்றிச் சுடுதற்பொருட்டு ஒல்லாந்தர் வெறுமையாக விட்ட நிலமே பின்னர்ப் பொதுவெளியாயிற்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அந்நிலத்திற் கடலோரமாக உலாவுவெளி அமைக்கும் பணியை 1856ஆம் ஆண்டில் தொடங்கி 1859ஆம் ஆண்டில் முடித்தார். அங்கே நாட்டப்பட்ட கல், கொழும்பு நகரத்துப் பெண்கள், சிறுவர் ஆகியோரின் நலங்கருதி அவ்வெளியைப் பின்வரும் தேசாதிபதிகளின் பொறுப்பில் ஒப்படைப்பதாகக் கூறுகின்றது. அன்று அவர் மனத்திற்கொண்ட பெண்களும் சிறுவரும் யாவர் என்பது ஐயத்திற்குரியதே. ஆயினும், கல்லிற் பொறித்த சொல் பொறித்தவர் கருத்தினும் பரந்தது. பூங்காவின் தரத்தைப் பெண்களையும் சிறுவரையும் கொண்டு அளக்கும் கோல் இலங்கையிற் கல்லில் எழுதப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

பொதுவெளிக்கு மற்றொரு பயனும் உண்டு. 1866ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வாக்குரிமை வேண்டியோர் கூடுதற்கு இலண்டன் ஹைட் பூங்காவின் வாயில்கள் அடைக்கப்பட்டபோது, மக்கள் நெருக்கத்தால் இரும்பு வேலிகள் வீழ்ந்தன. 1872ஆம் ஆண்டில் அங்கே கூட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. காலி முகத்திடலும் அத்தகைய வரலாறு உடையது. 1956ஆம் ஆண்டு யூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துத் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தமிழ்த் தலைவர்கள் அங்கே அமர்ந்து அறப்போர் செய்தனர். அவர்கள் கும்பல்களால் தாக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் முதல் பல மாதங்கள் பல இனத்தவரும் அதே திடலில் தங்கி ஆட்சியாளர் விலகவேண்டும் எனக் குரல் எழுப்பினர். காற்று வாங்கவும் பட்டம் விடவும் வந்தோர்க்குரிய அவ்வெளியே குடிமக்கள் தம் கருத்தைச் சொல்லும் மன்றமும் ஆயிற்று. அங்கே ஒருவர் அமைதியாக அமர்ந்து தம் கருத்தைக் கூறி, ஊறின்றி வீடு திரும்புதல் இயலுமா என்பதும் பொதுவெளியின் தரத்தை அளக்கும் கோலே. 1956ஆம் ஆண்டில் அக்கோலால் அளந்தால் அத்திடல் தவறிற்று என்றே கூறுதல் வேண்டும்.

மேனாட்டுக் கோல்களை இங்கே கையாளும்போது தட்பவெப்பத்தையும் எண்ணுதல் வேண்டும். ஜேக்கப்ஸ் நல்ல பூங்காவிற்கு வெயில் படுதல் இன்றியமையாதது என்றார். குளிர்நாட்டிற்கு அது பொருந்தும். நமக்கோ நிழலே முதன்மை. நண்பகலில் வெறிச்சோடிய காலி முகத்திடல் மாலையிற் கடற்காற்று வீசும்போது நிறைகின்றது. நண்பகல் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அதனைப் பயனற்ற வெளி எனல் பேதைமை. யாழ்ப்பாணக் கோட்டையை அடுத்த முற்றவெளியையும் இவ்வாறே வேளையறிந்து நோக்குதல் வேண்டும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், பூங்காவின் தரத்தை மரணக் கணக்கும், ஏக்கர்க் கணக்கும், வருவோர் கணக்கும், புள்ளிக் கணக்கும் தனித்தனியே முழுமையாக உரைக்கமாட்டா என்பது பெறப்படும். எனினும் அவற்றுள் ஒன்றும் வீணன்று. பார் தந்த மரணக் கணக்கின்றேல் விக்டோரியா பூங்கா இல்லை. ஏக்கர்க் கணக்கின்றேல் வறியோர்க்கு வெளி இல்லை என்பது வெளிப்பட்டிராது. இருக்கையை எண்ணியிராவிடின் சட்டம் திருந்தியிராது. அளத்தல் ஆட்சியாளரை அசைக்கும் கருவி என்பது இவ்வரலாறு கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாவது பாடம், வந்தோரை எண்ணுவதோடு வாராதோரையும் எண்ணுதல் வேண்டும் என்பது. டேர்பியிற் கட்டணம் செலுத்தவியலாத தொழிலாளி, செனெக்கா கிராமத்தினின்றும் வெளியேற்றப்பட்டவர், பிறயன்ற் பூங்காவில் இடமிழந்த ஏழை, அஞ்சித் திரும்பிய பெண் ஆகியோர் எந்த எண்ணிக்கையிலும் அகப்படார். நம் உயர்வகுப்பு மாணவர் தத்தம் ஊரிலுள்ள திடலையோ பூங்காவையோ காலை, நண்பகல், மாலை, விளக்கேற்றும் வேளை ஆகிய நான்கு பொழுதும் ஒரு கிழமை நோக்கி, அங்குள்ள ஆண், பெண், சிறுவர், முதியோர் தொகையைக் குறிப்பாராக. நிழல், இருக்கை, குடிநீர், மலசலகூடம், விளக்கு, சக்கர நாற்காலி புகத்தக்க வழி ஆகியவை உளவா எனக் காண்பாராக. பின்னர் அயலிலுள்ள வீடுகளுக்குச் சென்று, வாராதோர் ஏன் வரவில்லை என வினவுவாராக. இதற்குப் பெருஞ்செலவு வேண்டா; ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். அவ்வேட்டை நகரசபையின் முன்னே வைப்பின், 1833ஆம் ஆண்டுத் தெரிகுழு செய்த பணியின் ஒரு கூற்றை நம் மாணவரும் செய்தோராவர்.